வாடகை 3,500 ரூபாய் கம்மின்னு ஊருக்கு வெளிய போறீங்களா? திருச்சியை வெச்சு ஒரு கணக்கு

இந்த வார வீடியோவுல "வாடகையை மட்டும் பார்த்து வீடு எடுக்காதீங்க"ன்னு சொல்லியிருந்தேன். வீடியோவுல எண்களை நிதானமா பார்க்க முடியாது. அதனால முழுக் கணக்கும் இங்க.

முதல்ல பதிலைச் சொல்லிடறேன். சென்னையை விடச் சின்ன ஊர்ல வேலைக்குச் சேர்றீங்க, சொந்தமா வண்டி இன்னும் வாங்கலைன்னா, ஆபீஸுக்கும் கடைகளுக்கும் நடந்து போற மாதிரி ஏரியாவுல கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கறது பெரும்பாலும் லாபம். ஏற்கனவே வண்டி இருக்குன்னா கணக்கு மாறும். எப்படி மாறும்னும் கீழ பார்ப்போம்.

உதாரணத்துக்குத் திருச்சியை எடுத்துக்கறேன். காரணம், ஊருக்கு நடுவுல இருக்கற பழைய ஏரியாக்கள் இன்னும் நடக்கற தூரத்துல எல்லாம் கிடைக்கற மாதிரி இருக்கு. அதே சமயம் தஞ்சாவூர் ரோடு, மதுரை ரோடு, திண்டுக்கல் ரோடு எல்லாப் பக்கமும் புதுசு புதுசா "நகர்"கள் முளைச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு வகையும் ஒரே ஊர்ல இருக்கறதால ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நீங்க சேலத்துலயோ திருநெல்வேலியிலயோ இருந்தாலும் இதே முறையைப் போட்டுப் பார்க்கலாம்.

ரெண்டு வீடு, ஒரு சம்பளம்

கையில வர்ற சம்பளம் மாசம் 30,000 ரூபாய். ஆபீஸ் தில்லைநகர் பக்கம். இதுல வர்ற எண்கள் எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை. நீங்க பார்க்கற வீட்டோட உண்மையான வாடகையை அந்த இடத்துல போட்டுக்கோங்க.

வீடு 1: ஆபீஸ்ல இருந்து 14 கிலோமீட்டர். ஹைவேயில இருந்து உள்ளே போற புது நகர். ஒரு பெட்ரூம், வாடகை 6,000.

வீடு 2: தென்னூர் அல்லது உறையூர் உள் தெரு. ஆபீஸுக்கு நடை. கொஞ்சம் பழைய வீடு, வாடகை 9,500.

பார்த்த உடனே மாசம் 3,500 ரூபாய் மிச்சம்னு தோணும். ஆனா வீடு 1-க்குப் போனா வண்டி இல்லாம முடியாது. ஆன்ரோடு 1,05,000 ரூபாய்க்கு ஒரு ஸ்கூட்டர்னு வெச்சுக்குவோம். கையில இருந்து 15,000, லோன் 90,000. வட்டி 11 சதவீதம், 36 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 2,950 ரூபாய்.

அடுத்தது பெட்ரோல். போக வர 28 கிலோமீட்டர், 25 வேலை நாள், மொத்தம் 700. கடை கண்ணிக்கு இன்னொரு 100. ஆக 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய்னு போட்டா சுமார் 1,800 ரூபாய். சர்வீஸ், ஆயில், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாசத்துக்குச் சராசரியா 600.

வீடு 1 மொத்தம்: 6,000 + 2,950 + 1,800 + 600 = 11,350 ரூபாய்.

வீடு 2-ல வண்டி இல்லை. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, எப்பவாவது தனி ஆட்டோன்னு 700 ரூபாய் தாராளமா வெச்சுக்குவோம்.

வீடு 2 மொத்தம்: 9,500 + 700 = 10,200 ரூபாய்.

"அதிக வாடகை" வீடுதான் மாசம் 1,150 ரூபாய் சீப். மூணு வருஷத்துக்கு 41,400. வண்டிக்குக் கட்டாத டவுன் பேமென்ட் 15,000 சேர்த்தா 56,400 ரூபாய். உங்க மாசச் செலவு 20,000-ன்னா, கிட்டத்தட்ட மூணு மாச எமர்ஜென்சி ஃபண்ட் இது. வேலைக்குச் சேர்ந்த முதல் மூணு வருஷத்துல பல பேரால சேர்க்க முடியாத தொகை, வீடு இருக்கற இடத்துனாலயே சேர்ந்துடுது.

"மூணு வருஷம் கழிச்சு வண்டி என் கையில இருக்குமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. இருக்கும். வித்தா ஒரு தொகையும் வரும். ஆனா அது ஒவ்வொரு வருஷமும் விலை குறையற பொருள். எமர்ஜென்சி ஃபண்ட் ஆர்.டி.யிலயோ லிக்விட் ஃபண்டுலயோ இருந்தா வளரும். அவசரத்துக்கு உடனே எடுக்கவும் முடியும்.

ஏற்கனவே வண்டி இருந்தா?

இங்கதான் நிறைய பேர் கணக்கை ஒரு பக்கமாவே சொல்றாங்க. இ.எம்.ஐ. முடிஞ்ச வண்டியோ, அப்பா கொடுத்த பழைய வண்டியோ இருந்தா, வீடு 1-க்கு ஆகறது 6,000 + 1,800 + 600 = 8,400 தான். வீடு 2-ல அதே வண்டியைக் கம்மியா ஓட்டினா பெட்ரோல் 400, பராமரிப்பு 600, வாடகை 9,500, ஆக 10,500. அதாவது வெளிய இருக்கற வீடு 2,100 ரூபாய் மிச்சம். இதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்த 2,100 ரூபாய்க்கு நான் எத்தனை மணி நேரம் கொடுக்கறேன்?

14 கிலோமீட்டர் டிராஃபிக்ல 40 நிமிஷம். நடந்து போனா 10 நிமிஷம். ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷ வித்தியாசம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மாசத்துக்கு 25 மணி நேரம். 2,100-ஐ 25-ஆல வகுத்தா மணிக்கு 84 ரூபாய். உங்க சம்பளம் 30,000-ஐ 200 வேலை மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 150 ரூபாய். ஆபீஸ் உங்க நேரத்துக்குக் கொடுக்கற விலையில கிட்டத்தட்ட பாதிக்கு, அதே நேரத்தை நீங்க ரோட்டுல வித்துட்டு வர்றீங்க.

அதுக்காக 84 ரூபாய் தப்புன்னு சொல்லல. வீட்டுக்குப் பணம் அனுப்பணும், கல்விக்கடன் ஓடுதுன்னா 2,100 பெரிய பணம். அப்போ அதைத் தெரிஞ்சே தேர்ந்தெடுங்க. ஆனா அந்த 25 மணி நேரத்துல பேங்க் எக்ஸாமுக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ படிக்கப் போறீங்கன்னா, அதோட விலை 84 இல்லைங்கறது உங்களுக்கே தெரியும்.

இதை ஃபார்முலாவா எழுதி வெச்சுக்கோங்க: (பக்கத்து வீட்டு மொத்தச் செலவு – தூரத்து வீட்டு மொத்தச் செலவு) ÷ மாசத்துக்கு மிச்சமாகற பயண நேரம். வர்ற எண் உங்க ஒரு மணி நேரச் சம்பளத்தை விடக் குறைவா இருந்தா, பக்கத்து வீட்டைத் தைரியமா பாருங்க. அதிகமா இருந்தா தூரத்து வீடு சரி. மைனஸ்ல வந்தா யோசிக்கவே வேண்டாம், பக்கத்து வீடுதான்.

"வாடகைக்கு ஹெச்.ஆர்.ஏ. இருக்கே?"

இதையும் பார்த்துடலாம். ஹெச்.ஆர்.ஏ. வரிவிலக்கு பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து புது முறையில சம்பளக்காரங்களுக்கு வருஷம் 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லை. மாசம் 30,000 வாங்கறவங்களுக்கு ஹெச்.ஆர்.ஏ.வால மிச்சமாக வரியே இல்லைன்னு அர்த்தம். அதனால "வாடகை அதிகமா கொடுத்தா டாக்ஸ்ல வந்துடும்"ங்கற கணக்கைப் போடாதீங்க. வாடகை முழுக்க முழுக்க உங்க பாக்கெட்ல இருந்து போற பணம்.

நடக்கற ஏரியான்னா என்ன?

மேப்ல ஆபீஸ் பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. சாதாரணமா நடந்தா 10 நிமிஷத்துல 800 மீட்டர் போகலாம். வீட்டுல இருந்து அந்தத் தூரத்துக்குள்ள இவ்வளவும் இருக்கான்னு எண்ணுங்க:

– மளிகைக் கடை
– காய்கறி (கடையோ, உழவர் சந்தையோ)
– பால் கிடைக்கற இடம்
– மெடிக்கல் ஷாப், ஒரு டாக்டர்
– நாள்தோறும் சாப்பிடற மாதிரி மெஸ் அல்லது இட்லிக் கடை
– அடிக்கடி பஸ் வர்ற ஸ்டாப்

ஆறுல அஞ்சு இருந்தா நல்ல ஏரியா. மூணுக்குக் கீழ போனா, கொத்தமல்லிக் கட்டுக்குக் கூட வண்டி எடுக்க வேண்டி வரும். மெஸ்ஸை லேசா எடுத்துக்காதீங்க. ராத்திரி 9 மணிக்கு அலுத்துப் போய் வரும்போது தெருமுனையில நாலு இட்லி கிடைக்கலைன்னா கை தானா ஃபுட் ஆப்புக்குத்தான் போகும். வாரத்துக்கு மூணு ஆர்டர், ஒவ்வொண்ணும் கடை விலையை விட 80 ரூபாய் கூடுதல்னா மாசம் 1,000 ரூபாய் கிட்டத்தட்ட போயிடும்.

தெரு அமைப்பையும் பாருங்க. தில்லைநகர்ல கிராஸ் தெருக்கள் வரிசையா மெயின் ரோட்டோட சேருது. மெயின் ரோடு நெரிசலா இருந்தா அடுத்த தெருவுல நுழைஞ்சு போயிடலாம். புது நகர்கள் பலதுல உள்ளே வர ஒரே ஒரு வழிதான். எதிர்ல 300 மீட்டர்ல கடை தெரியும், ஆனா சுத்திக்கிட்டு ஒரு கிலோமீட்டர் நடக்கணும், நடுவுல ஹைவேயை வேற கடக்கணும். தஞ்சாவூர் ரோட்டுல பால்பண்ணையில இருந்து துவாக்குடி வரைக்கும் சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல வருஷமா போராடியிருக்காங்க. அந்த மாதிரி ரோட்டுக்கு ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் பஸ் ஸ்டாப்பும் இருந்தா, அதை நடக்கற தூரம்னு கணக்குல சேர்க்காதீங்க.

திருச்சியில எங்க பார்க்கலாம்?

தில்லைநகர் – தென்னூர் – புத்தூர்: ஆஸ்பத்திரி, பேங்க், கோச்சிங் சென்டர், சின்னச் சின்ன ஆபீஸ்கள் நிறைய இருக்கற பகுதி. தில்லைநகர்ங்கற பேருக்கே தனி வாடகை உண்டு. அதனால அங்க வேலை, தென்னூர் உள் தெருவுல வீடுன்னு பாருங்க. தென்னூர்ல உழவர் சந்தை இருக்கு, காய்கறிச் செலவு தெரியும்படியா குறையும். புத்தூர்ல அரசு மருத்துவமனை, காலேஜ் எல்லாம் இருக்கறதால சாப்பாட்டுக் கடைக்கும் பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை.

உறையூர்: சோழர்களோட பழைய தலைநகர். தெருக்கள் குறுகல், வீடுகள் நெருக்கம், பார்க்கிங் கஷ்டம். கார் வெச்சிருக்கறவங்களுக்கு இது குறை. நடக்கறவங்களுக்குக் குறையே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் வசதி இருக்கு. பழைய வீடுகள்ல காத்தோட்டமும் பாத்ரூமும் எப்படி இருக்குன்னு கவனமா பாருங்க.

ஸ்ரீரங்கம்: கோயிலைச் சுத்தி உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதின்னு நாலு பக்கமும் வீடும் கடையுமா இருக்கற ஊர். நடக்க இதை விட நல்ல இடம் கஷ்டம். ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, ஜங்ஷனுக்கு 1-ம் நம்பர் பஸ் இருக்கு. ஆனா மூணு விஷயம். வைகுண்ட ஏகாதசி மாதிரி நாட்கள்ல கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும். சில ஹவுஸ் ஓனர்கள் "சைவம் மட்டும்"னு கேட்பாங்க, அதை முதல் போன்லயே தெளிவுபடுத்திக்கோங்க. கடைசியா, ஆபீஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம்னா தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டணும். 2022-23ல பராமரிப்புக்காகப் பாலத்தை மூடினப்போ பல மாசம் பஸ், கார் எல்லாம் சுத்திப் போனது. ஒரே பாலத்தை நம்பி இருக்கற வீட்டுக்கு இந்த ரிஸ்க் எப்பவும் உண்டு.

ஜங்ஷன் – கன்டோன்மென்ட் – கிராப்பட்டி: வாராவாரம் ரயில்ல ஊருக்குப் போறவங்களுக்கு வசதி. ஆனா பஸ்ல போறவங்க ஒண்ணைக் கவனிங்க. 2025ல பஞ்சப்பூர்ல புது பஸ் முனையம் வந்துடுச்சு. "சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல"ன்னு சொல்லி வாடகை அதிகம் கேட்டா, உங்க ஊர் பஸ் இப்போ எங்க இருந்து கிளம்புதுன்னு பார்த்துட்டு பேரம் பேசுங்க.

கே.கே.நகர்: அகலமான, அமைதியான தெருக்கள், உழவர் சந்தை. தினசரித் தேவைக்கு நடந்தே போகலாம். ஆபீஸ் தில்லைநகர்ல இருந்தா பஸ் பிடிக்கணும்.

திருவெறும்பூர்: பெல், துவாக்குடி, நவல்பட்டு எல்காட் ஐ.டி. பார்க் பக்கம் வேலைன்னா, ஊருக்கு நடுவுல வீடு எடுத்து என்ன பிரயோஜனம்? கடைவீதி, ரயில்வே ஸ்டேஷன், தஞ்சாவூர் ரோடு பஸ்கள் இருக்கற இந்தப் பக்கம்தான் சரி. ஆபீஸுக்கு நடக்க முடியாட்டியும், மத்த எல்லாத்துக்கும் நடக்கலாம், ஆபீஸுக்கு ஒரே வண்டி. ஆபீஸ் பஸ் எங்க நிக்குதுன்னு கேட்டுட்டு, அந்த ஸ்டாப்பைச் சுத்தி வீடு தேடுங்க.

பெண்களுக்கு இன்னொரு கணக்கு. 2021 மே மாசத்துல இருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட் இல்லை. ஆனா திருச்சியில தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுது, அதுல இது செல்லாது. அதனால வீட்டுப் பக்க ஸ்டாப்ல காலையில அரை மணி நேரம் நின்னு, எத்தனை அரசு பஸ் வருதுன்னு எண்ணுங்க. போதுமான அளவுக்கு வந்தா உங்க போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

1. காலையில ஆபீஸ் நேரத்துல ஒரு தடவை, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை வீட்டுல இருந்து ஸ்டாப் வரைக்கும் நடந்து பாருங்க. தெருவிளக்கு எரியுதா, நாய்த் தொல்லை உண்டா, கடைகள் திறந்திருக்கா? பகல்ல புரோக்கர் பைக்ல கூட்டிட்டுப் போய்க் காட்டறப்போ இதெல்லாம் தெரியாது.

2. ஏப்ரல், மே மாசத்துல திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வழியில மரமோ கடை நிழலோ இருக்கான்னு பாருங்க. 10 நிமிஷ மொட்டை வெயில் நடையை ஒரு வாரம்கூட தொடர மாட்டீங்க. அப்புறம் வண்டிதான்.

3. மழையில தண்ணி எங்க நிக்கும்னு ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்காதீங்க. தெருமுனை டீக்கடையிலயோ அயர்ன் கடையிலயோ கேளுங்க. முக்கியமா கோரையாறு, குடமுருட்டிக் கரைப் பக்கம் வீடு பார்த்தா.

4. உங்களுக்குத் தனி இ.பி. மீட்டரான்னு கேளுங்க. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாம ஓனர் யூனிட்டுக்கு 8, 10 ரூபாய்னு வாங்கினா அந்தச் சலுகை உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தையும் வாடகையோட சேர்த்துக்கோங்க.

5. கார்ப்பரேஷன் தண்ணி வருதா, போர் தண்ணி மட்டுமா? குடிக்கக் கேன் வாங்கணும்னா அதுவும் மாசச் செலவு.

6. தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். வேற மாதிரி ஒப்புக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. நடைமுறையில அஞ்சு மாசம், பத்து மாசம் கேட்பாங்க. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா ஒப்புக்கிட்டதா ஆயிடும், அதனால பேசறதை அதுக்கு முன்னாடியே பேசுங்க. 50,000 ரூபாய் கூடுதலா ஓனர்கிட்ட முடங்கினா, 7 சதவீத வட்டியில வருஷம் 3,500 ரூபாய் உங்களுக்கு நஷ்டம். சுமார் மாசம் 290 ரூபாய் மறைமுக வாடகை.

9,500 கட்ட முடியலைன்னா?

நடக்கற ஏரியாவை விட்டுடாதீங்க, வீட்டைப் பகிர்ந்துக்கோங்க. ரெண்டு பெட்ரூம் வீடு 14,000-ன்னா ஆளுக்கு 7,000. வெளிய தனியா இருக்கறதை விட 1,000 ரூபாய்தான் கூடுதல், வண்டிச் செலவு இல்லை. "பேச்சிலருக்குக் கிடையாது"ன்னு சொல்ற ஓனர்கள் இருக்கத்தான் செய்வாங்க. ஆபீஸ் ஐ.டி. கார்டோட, ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல போய்ப் பேசுங்க. ஆன்லைன்ல போடாம கேட்டுல டூ-லெட் போர்டு மட்டும் மாட்டற ஓனர்கள் பழைய ஏரியாக்கள்ல நிறைய பேர். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் தெருத் தெருவா நடந்தா வீடும் கிடைக்கும், புரோக்கருக்குக் கொடுக்கற ஒரு மாச வாடகையும் மிச்சம். நடக்கற ஏரியாவான்னு அப்பவே கால் சொல்லிடும்.

ஒரு கடைசி யோசனை. வண்டியே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. வீடு எடுத்து முதல் மூணு மாசம் வண்டி இல்லாம இருந்து பாருங்க. ஆட்டோ, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகுதுன்னு போன்ல எழுதி வைங்க. மாசம் 2,500-ஐத் தாண்டினா வண்டி வாங்கறதைப் பத்தி யோசிக்கலாம். 700, 800-லயே முடிஞ்சா, இ.எம்.ஐ.க்குப் போக வேண்டிய 2,950-ல முடிஞ்சதை அதே தேதியில ஆர்.டி.யில போட ஆரம்பிச்சுடுங்க. வேலையில முதல் வருஷம் முடியறப்போ பேங்க்ல எவ்வளவு இருக்குங்கறதை, எந்தத் தெருவுல வீடு எடுத்தீங்கங்கறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

உங்க ஊர், ஆபீஸ் ஏரியா, ரெண்டு வீட்டு வாடகை, பயண நேரம், நாலையும் கமென்ட்ல போடுங்க. மணிக்கு எத்தனை ரூபாய்னு கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.